சைரன்காரியின் பதிவேடு

பத்து மணிக்கு இன்ஜினியர் வருகிறார் என்று தெரிந்து ஒன்பது மணிக்கே படகைத் தேய்த்துக் கழுவி நிறுத்தியிருந்தான் தம்பி. புத்தம் புது மஞ்சள் படகு. ஷட்டர் அறையின் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த அக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு நாள் ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுத்திருப்பானா இந்தப் பயல், படகுக்கு மட்டும் துணியை வைத்து மூக்குத் துடைத்து விடுகிறான் என்று வாய்விட்டே திட்டினாள். அறையில் இருந்த இரண்டு மோட்டாரும் ஒரு நாற்காலியும்தான் அதைக் கேட்டன. பதினோரு வருடமாகக் கேட்கின்றன, பாவம்.

அவள் அந்தத் தடுப்பணையின் ஷட்டர் ஆபரேட்டர். அணை என்றதும் மலையளவுக்கு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டடி உயரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர். சுவர்மேல் ஒரு சாண் தண்ணீர் வருடம் முழுக்க வழிந்து அந்தப் பக்கம் விழும். கரையோரம் இரண்டு இரும்பு ஷட்டர், அவற்றுக்கு மேலே அவளுடைய அறை, அறையின் கூரையில் சைரன். அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் "இதுவா அணை?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த உதட்டைப் பார்த்தால்தான் அவளுக்கு ஆத்திரம். பெரிய அணையைப் பார்த்தால் மனுஷனுக்குப் பயம் வரும். இதைப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கத்தான் தோன்றும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சுவரிலிருந்து விழும் தண்ணீர் நேரே அடிமட்டத்துக்குப் போய், கொஞ்சம் தள்ளி மேலே வந்து, மறுபடி சுவரை நோக்கியே திரும்பி ஓடும். ஆறு ஒரு பக்கம் போகிறது என்று நினைத்து இறங்கினால் அங்கே மட்டும் அது பின்னால் போய்க்கொண்டிருக்கும். மாட்டியது கட்டையோ மனுஷனோ, சுவரடிக்குப் போகும், அமுங்கும், எழும்பும், மறுபடி சுவரடிக்கே போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டிராயிங் வாத்தியார், நன்றாக நீச்சல் தெரிந்தவர், செருப்பு மிதந்து போகிறது என்று இறங்கினார். மூன்று மணி நேரம் அவருடைய நீலச் சட்டை அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. யார் கயிறு வீசியும் எட்டவில்லை. கடைசியில் அவள்தான் இரண்டு ஷட்டரையும் முழுக்கத் தூக்கிப் பார்த்தாள். மேலே நீர்மட்டம் இறங்கியது, சுவர்மேல் வழிவது நின்றது, சுழலும் செத்துப்போனது. வாத்தியார் தானாக வெளியே வந்தார். அதற்குள் அவர் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

அவள் எழுதிய அறிக்கையால்தான் அணைக்கு மேலே நூறு மீட்டர் தள்ளி மிதவைக் கயிறு கட்டினார்கள். சிவப்புப் பந்துகள் கோத்த கயிறு. அதைத் தாண்டிப் படகு வரக்கூடாது. அணையின் கீழே சுவருக்குப் பக்கத்தில் யாரும் குளிக்கக்கூடாது. அந்த ஆற்றில் படகு விட்டுப் பிழைக்கிற ஒரே ஆள் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அந்தத் தடையால் ஒரு சீசன் முழுக்க அவன் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அக்காள் என்று பார்க்காமல் அவன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். தம்பி என்று பார்க்காமல் அவளும் பதிலுக்குக் கொடுத்தாள். ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக் குடியிருக்கிறார்கள். ஏழு மாதமாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் போகவில்லை.

சொல் போகவில்லையே தவிர சைரன் போனது. அவன் மறுபடி படகு விட ஆரம்பித்த முதல் நாளே அவள் சைரனை அமுக்கினாள். ஷட்டர் திறக்கப் போகிறார்கள் என்று அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக் கரையேறினார்கள். ஒருத்தர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. ஷட்டர் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். கீழே, வளைவு தாண்டி இருந்த பாறைகளில் குளிக்கிறவர்கள் முதலில் ஓடினார்கள், பிறகு நடந்தார்கள், பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே கையாட்டினார்கள். படகில் வருகிறவர்கள் அவளுக்கு சைரன்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. எவனாவது ஒருத்தன் பயந்தால் ஒரு உயிர் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லும்போதே அது முழு நிஜமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சரியாகப் பத்துக்கு இன்ஜினியர் வந்தார். வந்த விதம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் படகில் அவரை உட்கார வைத்து, மிதவைக் கயிற்றின் ஓரமாக நுழைத்து, கரையை ஒட்டியபடியே ஷட்டர் அறையின் படிக்கட்டு வரைக்கும் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினான் தம்பி. படகைப் படிக் கம்பியில் கட்டிவிட்டு, மாப்பிள்ளை அழைத்து வந்தவன் மாதிரி பின்னாலேயே ஏறினான்.

"பாத்தீங்களா சார், கயிறு தாண்டித்தான் வந்தோம். ஆறு முழுங்கிடுச்சா? முப்பது மீட்டர்ல கயிறு கட்டினா போதும். கீழயும் செவுரு பக்கத்துல குளிக்க விடுங்க. அருவி மாதிரி இருக்கு, ஜனங்க ஆசைப்படுறாங்க" என்றான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இன்ஜினியர் பதிவேட்டைக் கேட்டார். தடித்த நீல அட்டை நோட்டு. தேதி, நேரம், சைரன், ஷட்டர் திறந்த உயரம், காரணம் என்று கட்டம் கட்டமாக அவளே கோடு போட்டு எழுதி வருவது. பதினோரு வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. அந்த ஒழுங்கே இப்போது அவள் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

"இந்த ஏழு மாசத்துல சைரன் நாப்பத்தோரு தடவை அடிச்சிருக்கு. ஷட்டர் திறந்தது ஒம்போது தடவை. மிச்சம் முப்பத்திரண்டு என்னம்மா?"

"சோதனை சார். காரணத்துல எழுதியிருக்கேனே."

"சோதனையா?" தம்பி சிரித்தான். "தேதியைப் பாருங்க சார். ஒவ்வொண்ணும் ஞாயித்துக்கிழமை, லீவு நாளு. என் படகு ரொம்பின நேரமாப் பாத்து சைரனுக்கு உடம்பு சரியில்லாமப் போகுமா? மேடம்கிட்ட கேளுங்க."

மேடமாம். தூக்கி வளர்த்தவளை மேடம் என்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் அவன் சொன்னது நிஜம். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க அறிக்கை பூரா இப்படிக் கோபத்துல எழுதினதுதானோன்னு நான் நெனக்க வேண்டியிருக்கும்மா. கயிறை நாப்பது மீட்டருக்குக் கொண்டுவரலாம். குளிக்கிறதைப் பத்தி..."

"சார், ஒரு நிமிஷம். ஒரு காலித் தண்ணி கேன் போதும். செவுரு மேல விட்டுக் காட்றேன். கீழ விழுந்து வெளிய வருதான்னு நீங்களே பாருங்க."

"கேனுக்கு என்ன தெரியும்?" என்றான் தம்பி. "காத்தடிச்சாலே கவுந்துடும். என் படகு பஞ்சு மாதிரி சார். செவுத்துல வழுக்கினாக்கூட அந்தப் பக்கம் அது பாட்டுக்கு மிதந்து போயிட்டே இருக்கும்."

அவ்வளவுதான். கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள். தம்பிக்கு விளங்குவதற்குள் மஞ்சள் படகின் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்து, காலால் ஒரு உதை விட்டாள்.

"ஏய்! ஏய், என்ன பண்ற? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"மிதந்து போகும்னியே, போகட்டும். பாப்போம்!"

ஏழு மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான். படகு ஒய்யாரமாக நடு ஆற்றுக்குப் போனது. சுவருக்குப் பக்கத்தில் அதற்கு வேகம் பிடித்தது. மூக்கு ஒரு கணம் அந்தரத்தில் நின்று பிறகு சாய்ந்தது. மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். படகு கீழே விழுந்தது, நாலு கஜம் முன்னே வந்தது, நின்றது. பிறகு யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல மெல்ல மெல்லச் சுவரை நோக்கித் திரும்பிப் போனது. விழும் தண்ணீர் அதன் தலையில் அடித்தது. கவிழ்ந்தது. அமுங்கியது, எழும்பியது, மறுபடி சுவரடிக்குப் போனது.

"பாத்துக்கோங்க சார்" என்றாள். அவள் குரலில் வெற்றி இருந்தது, மறைக்கவும் இல்லை.

தம்பியைக் காணோம்.

கீழ்க்கரையில் அவனுடைய பழைய சின்னப் படகு ஒன்று கட்டிக் கிடக்கும். அதில் தாவி ஏறி, ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கொக்கி ஒன்றைப் பிடித்தபடி புதுப் படகை மீட்கப் போய்க்கொண்டிருந்தான். அவள் கத்தினாள். "கிட்ட போகாதடா! தண்ணி உள்ள இழுக்கும்டா!" விழும் தண்ணீரின் சத்தத்தில் அது அவன் காதுக்குப் போயிருக்காது. போயிருந்தாலும் அவள் சொன்னாள் என்பதற்காகவே இன்னும் ரெண்டு துடுப்பு சேர்த்துப் போட்டிருப்பான்.

கொக்கி மஞ்சள் படகில் மாட்டியது. அதே நொடியில் அவன் படகும் பின்னால் போக ஆரம்பித்தது. அவன் துடுப்பை வெறியோடு போட்டான். அசையவில்லை. பிறகு ஆரஞ்சு ஜாக்கெட் தண்ணீருக்குள் போனது. வந்தது. ஒரு கை மஞ்சள் படகின் கயிற்றில் சிக்கியிருந்தது. மறுபடி போனது.

அவள் ஷட்டர் அறைக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. இன்ஜினியரும் பின்னாலேயே ஓடி வந்தார். "கயிறு வீசலாமா? ஆளக் கூப்பிடலாமா?"

"எட்டாது சார். ரெண்டு ஷட்டரையும் தூக்கினாத்தான் சுழி நிக்கும்."

"அப்ப தூக்கு! என்னத்துக்கு நிக்கிற?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். வளைவுக்கு அப்பால், பாறைகளின் மேலும் தண்ணீரிலும் நாற்பது ஐம்பது பேர். குடும்பம் குடும்பமாக. அங்கிருந்து இந்த அறை தெரியும், சுவரடி தெரியாது, தண்ணீர்ச் சத்தமும் கேட்காது. இரண்டு ஷட்டரையும் ஒன்றாகத் தூக்கினால் மூன்றே நிமிடத்தில் அந்தப் பாறைகள் மேல் கழுத்தளவு தண்ணீர் பாயும்.

சைரனை அமுக்கினாள். மூன்று முறை, நீள நீளமாக. அவளுக்கே காது அடைத்தது.

பாறையில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. தொப்பி போட்ட ஒருத்தர் அவள் பக்கம் திரும்பி ஜோராகக் கையாட்டினார். இன்னொருத்தர் டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார். முப்பத்திரண்டு தடவை அவள் சொல்லிக் கொடுத்த பாடம், ஒருத்தரும் மறக்கவில்லை.

பாவி, பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டாள். போனை எடுத்தாள். பாறைக்குப் பக்கத்தில் படகு டிக்கெட் கிழிக்கிறவள் தம்பி பெண்டாட்டி. அவளுடைய எண் இன்னும் மனப்பாடமாக இருந்தது. மணி ஆறு தடவை அடித்த பிறகு அவள் எடுத்தாள்.

"என்ன அண்ணி, சைரன் பத்தலையா? போன்லயும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஷட்டர் திறக்கப் போறேன். ஆளுங்கள மேல ஏத்து."

"முப்பது தடவை கேட்டாச்சு இதை. பொழப்பப் பாக்க விடுங்க."

"உன் புருஷன் செவுத்தடியில மாட்டிக்கிட்டான். சுழியில சுத்துறான்."

அந்தப் பக்கம் அவள் சீறினாள். "இதுக்கெல்லாமா பொய் சொல்லுவீங்க? நீங்க ஒரு மனுஷியா?"

என்ன சத்தியம் செய்தாலும் அவள் நம்ப மாட்டாள். நம்ப என்ன காரணம் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள் சைரன்காரி. ஜன்னல் வழியே ஆரஞ்சு நிறம் அமுங்குவதைப் பார்த்தாள். குரல் இறங்கிப்போனது.

"கேட்டுக்கோ. கடைசி ஆள் மேல ஏறி, நீ கையத் தூக்கிக் காட்டுற வரைக்கும் நான் திறக்க மாட்டேன். அவன் செத்தாலும் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

போன் துண்டிக்கப்படவில்லை. கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். தம்பி பெண்டாட்டி ஒரு துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாறைகள் மேல் ஓடினாள். தொப்பிக்காரரின் முதுகில் ஒன்று வைத்தாள். கூப்பாடு இவ்வளவு தூரம் கேட்கவில்லை, ஆனால் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் ஏறுவது தெரிந்தது.

"திறம்மா! ஆளு போயிடுவான்!" இன்ஜினியர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கை தூக்கல சார்."

"உன் கூடப்பிறந்தவன்தானே அவன்!"

"தெரியும். கையை எடுங்க."

விரல் பச்சைப் பொத்தான் மேல் இருந்தது. கண் ஒரு முறை பாறைக்குப் போனது, ஒரு முறை சுவரடிக்கு. அவன் எத்தனை தடவை மேலே வருகிறான் என்று எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்றாவது தடவை முகம் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. பன்னிரண்டாவது தடவை ஜாக்கெட்டின் முதுகு மட்டும் வந்தது. பாறையில் இன்னும் ஒரு கிழவர் தன் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். துண்டு ஒரு கேடா, ஏறித் தொலையேன் ஐயா, என்று அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். தம்பி பெண்டாட்டி அவரைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து அப்படியே தூக்கினாள்.

கை உயர்ந்தது. ஒரு கை அல்ல, இரண்டும்.

ஷட்டர்கள் முனகிக்கொண்டு ஏறின. கீழே தண்ணீர் இடித்துக்கொண்டு பாய்ந்தது. சுவர்மேல் ஒரு சாண் தண்ணீர் அரைச் சாண் ஆனது, நாலு விரல் ஆனது, பிறகு கிழிந்த துணி போல ஆங்காங்கே சுவர் தெரிந்தது. ஏழு நிமிடம் ஆயிற்று என்று பிறகு பதிவேடு சொன்னது. சுழல் சோர்ந்து நின்றதும் மஞ்சள் படகு வெளியே வந்தது. அதன் கயிற்றில் தொங்கிக்கொண்டு தம்பியும் வந்தான். இன்ஜினியர்தான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். வெகு நேரம் வாந்தி எடுத்தான். தோள்பட்டை கழன்றிருந்தது. பேச முடிந்ததும் முதலில் படகு எங்கே என்று கேட்டான்.

மதியம் இன்ஜினியர் ஷட்டர் அறையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். அவருடைய கால்சட்டை இன்னும் ஈரம்.

"கயிறு நூறு மீட்டர்லயே இருக்கும். கீழ செவுரு கிட்ட யாரும் இறங்கக்கூடாது, வேலி போடச் சொல்றேன். நீங்க சொன்னது சரி. ஆனா சைரன் சாவி இனிமே உங்ககிட்ட இருக்காது. படகை அவுத்து விட்டதுக்கு விசாரணை வரும். உங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆபத்துன்னு எழுதறதுன்னுதான் எனக்குத் தெரியல."

அவள் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "பதிவேட்டை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால ஒரு திருத்தம் இருக்கு சார்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார்.

சிவப்பு மையில், பக்கம் பக்கமாகத் திருப்பி, காரணம் என்ற கட்டத்தில் சோதனை என்று எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கத்தில் கோபம் என்று எழுதினாள். முத்து முத்தாக, அவளுடைய வழக்கமான கையெழுத்தில். கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். வைத்தியத்துக்கு வண்டி வரும்வரை உட்காரச் சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

"என் படகுல அடி பிளந்துடுச்சு" என்றான்.

"தெரியும். நான்தான் அவுத்து விட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எழுதிக் குடுத்தா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் எழுதுவதைக் குனிந்து பார்த்தான். இடது கையால் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனான்.

"எல்லாத்துக்கும் கோபம்னு போட்டிருக்க. இந்த முதல் வரியை மட்டும் ஏன் அடிக்கல? அது மட்டும் சோதனையா?"

"ஆமா."

"என்ன சோதனை?"

அவள் பேனாவை மூடினாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். "கயிறு தாண்டிப் போனா எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும்னு ஒனக்குத் தெரியும்ல. படகு விட்ட மொதல் நாளே தாண்டிப் போன. சைரன் அடிச்சா நீ மேல ஒரு தடவை திரும்பிப் பாப்பியான்னு பாத்தேன். நீ பாக்கல."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே சுவர் காய்ந்து கிடந்தது. வாத்தியார் செத்த நாளுக்குப் பிறகு, சுவரில் தண்ணீர் விழும் சத்தம் அந்த அறையில் கேட்காமல் போனது இப்போதுதான்.

"பாத்தேன்" என்றான். "அத்தனை பேரையும் கரையேத்திட்டு, ஒனக்கு என்னமோ ஏதோன்னு மொதல்ல நான்தான் திரும்பிப் பாத்தேன். நீ ஜன்னல்ல நின்னு சிரிச்சிட்டிருந்த."

கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்து ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துப் படியிறங்கிப் போனான். அவள் பேனாவை மறுபடி திறந்து அந்த முதல் வரியையும் அடித்தாள்.